எரியாத ஏடுகள்

நல்ல நூல் ஒன்றைப் படித்து முடித்ததும் அதை இன்னொருவரிடம் சொல்ல வேண்டும் என்னும் விழைவு எழுவது, படிப்பவர் எல்லாரும் அறிந்த உணர்வாகும். தனித்திருந்து படித்த இன்பம் அரைகுறையாகவே நிற்கிறது. ஒத்த மனத்தினர் ஒருவரோடு கலந்து பேசிய பின்னரே அது நிறைவெய்துகிறது. நூலுக்கும் நட்புக்கும் இடையே உள்ள இவ்வுறவைப் பற்றி அரபு இலக்கியம் நிறையவே பேசியுள்ளது. ஆயினும், அதன் இனிமையையும் கசப்பையும் ஒருங்கே தம் வாழ்விலும் எழுத்திலும் காட்டிச் சென்றவர் யார் என வினவினால், பக்தாதின் அறிஞர் அபூ ஹய்யான் தவ்ஹீதீயையே நாம் சுட்டுவோம்.

ஹிஜ்ரி 400-ஆம் ஆண்டு (கி.பி. 1010) ரமழான் மாதத்தில் அவர் ஒரு மடல் எழுதினார். அப்போது அவர் தள்ளாத முதியவர். தாம் எழுதிய நூல்களையெல்லாம் தாமே தீக்கிரையாக்கிவிட்டார் என்னும் செய்தி பரவியிருந்தது. அபூ ஸஹ்ல் என்னும் காழி அதைக் கண்டித்து எழுதியிருந்தார். அதற்கு மறுமொழியே இம்மடல். நூல்களை மக்களுக்காக எழுதினேன்; அவர்களிடையே மதிப்புப் பெறலாம் என்று எழுதினேன்; ஆண்டுக்கணக்காக அவர்களோடு வாழ்ந்தும் மெய்யன்பு காட்டிய ஒருவரையும் காணவில்லை; அத்தகையோர் கையில் என் ஏடுகளை ஏன் விட்டுச் செல்ல வேண்டும்? இதுவே அம்மடலின் சாரம். பல நூற்றாண்டுகள் கடந்து படிக்கும்போதும் நெஞ்சை உறுத்தும் மடல் அது.

ஆனால் இங்கே ஒரு வினா எழுகிறது. அவர் எரித்தார்; எனினும் அவருடைய நூல்கள் பல இன்றும் நம்மிடையே உள்ளன. எரித்த ஏடுகள் எஞ்சியது எங்ஙனம்? இவ்வினாவுக்குரிய விடையைத் தேடினால், நூலைப் பகிர்ந்துகொள்வதன் மெய்ப்பொருள் நமக்குப் புலனாகும் என்று கருதுகிறோம்.

அபூ ஹய்யான் ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிறந்தவர். பிழைப்புக்கு அவர் மேற்கொண்ட தொழில் ஏடுகளை நகல் எழுதுவது. அச்சு இயந்திரம் இல்லாத அக்காலத்தில் நகலெழுதுவோரின் கைகளே அறிவைப் பரப்பிய கருவிகள். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே பக்தாதில் இத்தொழிலினரின் கடைகள் நூற்றுக்கு மேல் இருந்தன என வரலாற்றாசிரியர் யஅகூபீ குறித்துள்ளார். அக்கடைகள் வெறும் விற்பனைக் கூடங்கள் அல்ல. படித்தவர்கள் கூடி அமர்ந்து வாதிடும் மன்றங்களும் ஆகும்.

அத்தெருவின் பெருமையை உணர்த்த ஒரு செய்தி போதும். யஹ்யா இப்னு அதீ என்பவர் பக்தாதின் புகழ்பெற்ற கிறிஸ்தவத் தத்துவ அறிஞர். அவரும் நகலெழுதிப் பிழைத்தவரே. இமாம் தபரீ அவர்களின் திருக்குர்ஆன் விரிவுரையை, எத்தனையோ தொகுதிகள் கொண்ட அந்தப் பெருநூலை, அவர் தம் கையாலேயே இருமுறை படியெடுத்தார். இதை அவர் வாயிலாகவே கேட்டு எழுதிவைத்தவர், ‘ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியலைத் தொகுத்த இப்னு நதீம். முஸ்லிம்களின் தஃப்ஸீரைக் கிறிஸ்தவர் படியெடுக்க, அக்கிறிஸ்தவரின் தத்துவப் பாடத்தை முஸ்லிம்கள் சென்று கேட்டனர். அங்ஙனம் கேட்டவருள் அபூ ஹய்யானும் ஒருவர். நல்லுரையாடல் தழைப்பதற்கு எத்தகைய நிலம் வேண்டுமோ, அத்தகைய நிலம் அன்றைய பக்தாதில் பண்பட்டுக் கிடந்தது.

அவருடைய தத்துவ ஆசான் அபூ சுலைமான் ஸிஜிஸ்தானீ. ஒரு கண் பார்வை அற்றவர்; தோல்நோய் வாய்ப்பட்டவர்; ஆகவே பெரும்பாலும் வீட்டைவிட்டு வெளியேறாதவர். அவர் உலகத்தைத் தேடிச் செல்லவில்லை; உலகம் அவர் வீட்டுத் திண்ணையைத் தேடி வந்தது. அங்கே நடந்த உரையாடல்களை அபூ ஹய்யான் ‘முகாபஸாத்’ என்னும் நூலாகத் தொகுத்தார். அதில் 106 உரையாடல்கள் உள்ளன. ஒருவரிடமிருந்து ஒருவர் நெருப்புக் கங்கு பெற்று விளக்கேற்றிக்கொள்வதைக் குறிக்கும் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். கொடுத்தவர் வீட்டு நெருப்பு குறைவதில்லை. பெற்றவர் வீடும் ஒளி பெறுகிறது. உரையாடலுக்கு இதனினும் பொருத்தமான பெயரை நாம் அறியோம்.

இத்தகைய சூழலில் வளர்ந்தவருக்கு ரய் நகரத்தில் நேர்ந்த வாழ்வு கசந்துபோனதில் வியப்பில்லை. அங்கே ஸாஹிப் இப்னு அப்பாத் என்னும் பேரமைச்சரிடம் நகலெழுதுபவராக அமர்ந்தார். அமைச்சரும் புலவரே, பெரும் நூலகம் உடையவரே. ஒருநாள் தம் மடல்களின் முப்பது தொகுதிகளைப் படியெடுக்குமாறு அவர் பணித்தார். முழுவதையும் எழுதுவதைவிடச் சிறந்த பகுதிகளைத் தேர்ந்தெடுத்தால் படிப்போர் மகிழ்வர் என்று அபூ ஹய்யான் கூறிவிட்டார். அமைச்சரின் சினத்துக்கு ஆளானார். ஹிஜ்ரி 370 அளவில் வெறுங்கையோடு பக்தாத் திரும்பினார். அங்கே நூல்களுக்குக் குறைவில்லை. நூலைப் பற்றி மனம்விட்டுப் பேச இடமில்லை. கருத்துக் கூற உரிமையற்றவன் எழுதும் நகல் கூலிவேலையே அன்றிக் கல்வியாகாது.

பக்தாதில் அவருக்குக் கைகொடுத்தவர் கணித மேதை அபுல் வஃபா பூஸ்ஜானீ. புவைஹி மன்னர் ஸம்ஸாமுத் தவ்லாவின் அமைச்சரான இப்னு ஸஃதானிடம் அவரே இவரைச் சேர்த்துவிட்டார். அமைச்சர் இரவு நேரங்களில் அபூ ஹய்யானை அழைத்துப் பேசுவார். பின்னர் அபுல் வஃபா, அங்கே பேசப்பட்ட அனைத்தையும் தமக்கு ஒளிக்காமல் எழுதித்தர வேண்டும் என்று கண்டிப்போடு கேட்டார். அவ்வாறு எழுந்ததுதான் ‘கிதாபுல் இம்தாஉ வல்முஆனஸா’. இன்புறுத்தலும் இணங்கிப் பழகுதலும் என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். ஏறத்தாழ நாற்பது இரவுகளின் உரையாடல் அதில் இடம்பெற்றுள்ளது. அஹ்மத் அமீன், அஹ்மத் ஸைன் ஆகிய இருவரும் பதிப்பித்து, கெய்ரோவில் 1939 முதல் 1944 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர்.

முதல் இரவிலேயே நம் உள்ளத்தைக் கவரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பேச்சைத் தொடங்குமுன் அபூ ஹய்யான் அமைச்சரிடம் ஓர் இசைவு வேண்டுகிறார். பட்டங்களையும் படர்க்கை மரியாதைகளையும் அடுக்காமல், நேர்முன்னிலையில் வைத்துப் பேச இசைவு தரவேண்டும் என்பதே அவ்வேண்டுகோள். தமிழில் சொல்வதாயின், ‘அமைச்சர் பெருமான் திருவுளம் யாதோ’ என்பதை விடுத்து ‘உம் கருத்து என்ன?’ என்று கேட்கும் உரிமை. அமைச்சர் மகிழ்ந்து இசைகிறார். அனைத்துக்கும் மேலான இறைவனையே நாம் முன்னிலையில் விளித்து இறைஞ்சும்போது, மனிதனை அவ்வாறு விளிப்பதில் என்ன குறை என்பது அவர் விடையின் கருத்து. செல்வனும் வறியவனும், ஆள்பவனும் ஆளப்படுபவனும் ஓரிடத்தில் அமர்ந்தால் மட்டும் உரையாடல் ஆகிவிடாது. இருவருக்கும் இடையிலுள்ள படிக்கட்டு சிறிது நேரமாவது அகற்றப்பட வேண்டும். அபூ ஹய்யான் முதற்கண் கேட்டது பொருளன்று, பதவியன்று; அப்படிக்கட்டை அகற்றும் இசைவையே கேட்டார்.

அவ்விரவின் பேச்சு பேச்சைப் பற்றியதே. உணவு தெவிட்டுகிறது, ஆடை பழகிப்போகிறது, ஊர்தியும் மாளிகையும் சலிக்கின்றன. நல்ல பேச்சு மட்டும் ஏன் சலிப்பதில்லை என ஆராய்கின்றனர். எல்லா இன்பமும் துய்த்து முடித்த உமையாக் கலீஃபா ஒருவர், தம்மிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய சுமையை இறக்கிவைக்கும் நண்பன் ஒருவனையே இனி நாடுவதாகக் கூறிய செய்தி அங்கே எடுத்தாளப்படுகிறது. ஒவ்வோர் இரவின் முடிவிலும், விடைபெறுமுன் நகைச்சுவைத் துணுக்கோ கவிதையோ ஒன்று சொல்லுமாறு அமைச்சர் கேட்பது வழக்கம். வழியனுப்பும்போது கையில் இனிப்பு வைத்துக் கொடுப்பது போன்ற வழக்கம் அது.

இஷாவுக்குப் பின் வீண்பேச்சு விரும்பத்தக்கதன்று என்பதை நம் வாசகர்கள் நன்கறிவர். ஆனால் அறிவைத் தேடும் இரவுப் பேச்சை அறிஞர்கள் அதிலிருந்து விலக்கியே வைத்தனர். இமாம் புகாரி அவர்கள் தம் தொகுப்பில் கல்வி பற்றிய பகுதியில் இதற்கெனத் தனித் தலைப்பே அமைத்துள்ளார்கள். அபூ ஹய்யானின் இரவுகளில் எவை இவ்விலக்குக்குத் தகுதியானவை, எவை தகாதவை என்று பிரித்துப் பார்ப்பது திறனாய்வாளர் கடமை.

இந்நூலில் மிகவும் புகழ்பெற்றது எட்டாம் இரவு. இலக்கண அறிஞர் அபூ ஸயீத் ஸீராஃபீக்கும் கிறிஸ்தவத் தருக்க அறிஞர் மத்தாவுக்கும் முன்னொரு காலத்தில் வேறோர் அமைச்சரின் அவையில் நடந்த வாதம் அங்கே நமக்குக் கிடைக்கிறது. கிரேக்கத் தருக்கம் எல்லா மொழியினருக்கும் பொதுவான அளவுகோலா, அன்றி ஒவ்வொரு மொழியின் இலக்கணமும் அம்மொழியினரின் சிந்தனைக்கு அளவுகோலா என்பது வழக்கு. அறிவு வரலாற்றில் அதன் மதிப்பு பெரிது. எனினும் அதை நல்லுரையாடலுக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ள நாம் இசையோம். அதில் ஸீராஃபீ பக்கம் பக்கமாகப் பேசுகிறார்; மத்தா வரிக்கணக்கில் மட்டும் பேசி அடங்குகிறார். அவையோர் ஒருவரின் வெற்றியைக் காண விரும்பினர், கண்டனர். ஸீராஃபீ அபூ ஹய்யானின் ஆசான் என்பதையும் நாம் மறக்கலாகாது. வென்றவரின் மாணவர் எழுதிய பதிவில் தோற்றவரின் குரல் மெலிந்து ஒலிப்பது இயல்பே. அது வாதம், அதில் பகிர்வு இல்லை.

நாம் பெரிதும் போற்றுவது பதினேழாம் இரவையே. ‘இக்வானுஸ் ஸஃபா’ எனப்பட்ட, தம் பெயரை மறைத்து எழுதிய குழுவினரின் தத்துவக் கட்டுரைகள் அப்போது பக்தாதில் உலவின. அவற்றைப் பற்றி அமைச்சர் வினவுகிறார். எழுதியவர்கள் இன்னார் என்று அபூ ஹய்யான் கூறும் செய்தி, அக்குழுவைப் பற்றி ஆராய்வோருக்கு இன்றுவரை முதன்மைச் சான்றாக உள்ளது. அக்கட்டுரைகள் சிலவற்றைத் தம் ஆசான் அபூ சுலைமானிடம் கொண்டுசென்று கொடுத்ததாகவும் அவர் சொல்கிறார். ஆசான் அவற்றை ஒரே மூச்சில் புரட்டிவிட்டுத் தீர்ப்புக் கூறவில்லை. பல நாள் வைத்திருந்து, நெடிது ஆராய்ந்து, பின்னர்த் திருப்பித் தந்தார். தத்துவத்தையும் மார்க்கத்தையும் ஒன்றாகப் பின்னிவிடலாம் என இவர்கள் எண்ணினர். உழைத்தும் அது கைகூடவில்லை என்பது அவர் முடிவு. அம்முடிவோடும் பேச்சு நின்றுவிடவில்லை. கட்டுரையாளருள் ஒருவரான மக்திஸீ, நகலெழுதுவோர் கடைத்தெருவில் ஒருவர் தூண்டிவிட, தம் தரப்பை எடுத்துரைத்ததையும் அபூ ஹய்யான் பதிந்துவைத்துள்ளார்.

இங்கே நடந்ததை உற்று நோக்குவோம். ஒரு நூல் மாணவர் கையிலிருந்து ஆசானிடம் சென்றது, பொறுமையோடு படிக்கப்பட்டது, பழுதின்றித் திரும்பி வந்தது, அதன் மீதான கருத்து அமைச்சரின் இரவு அவைக்கு வந்தது, மறுப்பவர் குரலோடு எழுதியவர் குரலும் கேட்கப்பட்டது. நூல் இரவல் பெறுவதன் அறங்கள் அனைத்தும் இந்த ஓர் இரவில் அடங்கியுள்ளன எனலாம்.

குறைகளையும் கூறாதுவிடின் திறனாய்வு ஆகாது. இவ்விரவுகளில் புறம்பேசுதல் என்னும் நோய் ஆங்காங்கே தலைகாட்டுகிறது. நகரத்து அறிஞர்களைப் பற்றி அமைச்சர் கேட்க, அபூ ஹய்யான் ஒவ்வொருவரையும் நிறுத்துப் பார்க்கிறார். வரலாற்றாசிரியர் மிஸ்கவைஹியின் மீது, பொன்னாக்கும் வித்தையில் காலத்தைக் கழித்தவர் எனக் கூரிய சொல் எறிகிறார். தாம் வினாக்கள் விடுத்து விடைகள் பெற்ற அதே மிஸ்கவைஹியை! அவ்விருவரின் வினாவும் விடையும் ‘அல்ஹவாமில் வஷ்ஷவாமில்’ என்னும் தனி நூலாகவே இன்றும் உள்ளன. நேரில் கேட்டறிந்தது நூலாயிற்று. பின்னால் பேசியது வடுவாயிற்று. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்குப் பேச்சின் இரு முகங்களும் விளங்கும்.

மற்றொரு குறை, இவ்விரவுகள் முழு விடுதலை பெற்ற பேச்சு அல்ல என்பது. அமைச்சர் படியளப்பவர், அபூ ஹய்யான் கையேந்துபவர். நூலின் இறுதியில் தம் வறுமையைச் சொல்லி அபுல் வஃபாவிடம் அவர் மன்றாடும் பகுதி படிப்பவர் கண்களை நனைக்கும். ஹிஜ்ரி 375-இல் (கி.பி. 985) அமைச்சர் இப்னு ஸஃதான் பதவி இழந்து கொல்லப்பட்டார், இரவுகளும் முடிந்தன. புரவலரை நம்பி நிற்கும் உரையாடல் புரவலரோடு மடிவதே இயல்பு.

இதே அமைச்சரின் தூண்டுதலால் அபூ ஹய்யான் தொடங்கிய பிறிதொரு நூல் ‘அஸ்ஸதாகா வஸ்ஸதீக்’, அதாவது நட்பும் நண்பனும். தொடங்கிய நூலை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 400-இல் முடித்தார். நட்பைப் பற்றி ஆன்றோர் கூறிய உரைகளும் கவிதைகளும் அதில் கடலெனத் திரண்டுள்ளன. தொடக்கத்திலேயே ஆசான் அபூ சுலைமானுக்கும் இப்னு ஸய்யார் என்னும் காழிக்கும் இடையிலிருந்த நட்பு அழகுற விளக்கப்படுகிறது. ஆயினும், நண்பன் என்று ஒருவன் இவ்வுலகில் இருக்கிறானா என்னும் ஐயமே நூல் முழுதும் நிழலாடுகிறது.

இரண்டு நூல்களையும் ஒப்பிட்டால் நமக்கு ஒன்று தெளிவாகிறது. நட்பைத் தலைப்பாகக் கொண்ட நூலில் நட்பு பொருளாக நிற்கிறது. இரவுகளின் நூலில் நட்பு செயலாக நிகழ்கிறது. முன்னதில் மேற்கோள்கள் பேசுகின்றன. பின்னதில் மனிதர்கள் பேசுகின்றனர். நட்பின் இலக்கணத்தை ஆயிரம் கூறுவதைவிட, ஒரு நூலை நடுவே வைத்து இருவர் உரையாடுவதைக் காட்டுவது ஆற்றல் மிக்கது. ஆகவே இலக்கிய மதிப்பில் ‘இம்தா’வே உயர்ந்தது என்பது நம் கருத்து.

அபூ ஹய்யான் தம் எழுத்துக்கு முன்மாதிரியாகப் போற்றியவர் ஜாஹிழ். ஜாஹிழ் ‘கிதாபுல் ஹயவான்’ தொடக்கத்தில் நூலை நண்பனாகவே உருவகித்துப் புகழ்மாலை சூட்டியவர். அலுப்புத் தராத, ஏமாற்றாத, அழைத்தபோது வந்து அனுப்பியபோது செல்லும் நண்பன் நூல் என்பது அவர் கருத்து. மனிதரிடம் களைத்தவருக்கு அது ஆறுதலான கருத்தே. ஆனால் நூல் மட்டும் போதும் என்றால் அபூ ஹய்யான் மகிழ்ந்திருக்க வேண்டும். அவரைச் சுற்றி நூல்களே இருந்தன. அவர் ஏங்கியது அந்நூலை நீட்டி ‘இதைப் பாரும்’ என்று சொல்வதற்கு ஒரு மனிதரையே. நூல் நண்பனாகலாம், நண்பனுக்கு மாற்றாகாது.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். தம் செயலுக்கு முன்னோடிகளாக, ஏடுகளை நீரிலிட்டவர், குகையில் மறைத்தவர், அடுப்பிலிட்டவர் எனச் சான்றோர் பலரை அம்மடலில் அபூ ஹய்யான் அடுக்குகிறார். அவர் துயரத்தை நாம் மதிக்கிறோம். முடிவை ஏற்க இயலவில்லை. அவர் எரித்தவை அவர் பெட்டியில் இருந்த படிகளே. அபுல் வஃபாவுக்கு எழுதித்தந்த இரவுகள், மாணவர் படியெடுத்துச் சென்ற உரையாடல்கள், கடைத்தெருவில் கைமாறிய ஏடுகள் ஆகியன அவர் தீக்கு எட்டாத தொலைவுக்கு என்றோ சென்றுவிட்டன. கொடுத்தவை பிழைத்தன, பூட்டி வைத்தவை சாம்பலாயின. தம்மை மதிப்பவர் ஒருவரும் இல்லை என்று அவர் நொந்து எழுதியபோது, முகமறியாத யாரோ சிலர் அவர் நூல்களைக் கண்போல் காத்துக்கொண்டிருந்தனர். அவர்களை அவர் அறியவில்லை. அவரை அவர்கள் அறிந்திருந்தனர்.

அபூ ஹய்யான் ஹிஜ்ரி 414 (கி.பி. 1023) அளவில் ஷீராஸில் மறைந்தார். பின்வந்தோர் நெடுங்காலம் அவரைப் பற்றி எழுதவில்லை. இரு நூற்றாண்டுகளுக்குப் பின் யாகூத் என்பவர், இத்துணைப் பெரிய அறிஞரை வரலாறு எழுதியோர் குறிப்பிடாது விட்டது ஏனென வியந்து, அவர் வாழ்க்கையையும் அந்த மடலையும் தம் நூலில் சேர்த்துக் காப்பாற்றினார். யாகூதும் ஏடுகளைப் படியெடுத்தும் விற்றும் வாழ்ந்தவரே. நகலெழுதி வாழ்ந்த ஒருவரின் துயரத்தை அதே தொழிலினர் இன்னொருவர் மறக்கவிடவில்லை.

நம் இல்லங்களில் கண்ணாடி அலமாரிகள் உண்டு. அவற்றுள் அழகாகக் கட்டிய நூல்களும் உண்டு. இரவல் கொடுத்தால் திரும்பி வாராது என்னும் அச்சமும் உண்டு. அந்த அச்சம் பொய்யன்று. பலமுறை மெய்யாகவே முடிகிறது. ஆயினும் எந்த அலமாரியும் ‘இம்தா’வைக் காக்கவில்லை, கைமாறியதே காத்தது என்பதை நினைவில் கொள்வோம். வாங்கிச் செல்பவரும் அபூ சுலைமானைப் போலப் பொறுமையோடு படித்து, கருத்தோடு திருப்பித் தருவாராக. உணவு முடித்த பின், பிள்ளைகளும் கேட்கும்படி, அன்று படித்ததைப் பற்றி வீட்டில் நாற்பது இரவு பேசிப் பார்ப்போம். அமைச்சர் எவருடைய இசைவும் அதற்குத் தேவையில்லை.